திரும்பி வரச் சொன்ன கை

படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான். ஒன்று ‘என் முடிவு’. மற்றொன்று ‘என் முடிவு அல்ல’. மூன்று நாட்களாக முதல் கட்டத்தில் மட்டுமே டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

திரையில் கூரைகள் வந்தன. பாலத்தின் மேல் சிக்கிய ஒரு பஸ் வந்தது. மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் வரிசையாகத் தொங்கிய ஆட்கள் வந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஹெலிகாப்டர் வந்து நின்றது, கயிறு இறக்கியது, ஆட்களை ஏற்றியது, அல்லது கடந்து போனது. அவற்றில் ஒன்றைக்கூட நான் ஓட்டவில்லை. ஓட்டியவை என் பதியங்கள்.

மல்லிகைக் கொடியின் ஒரு கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, வேர் விட்டதும் வெட்டி வேறிடத்தில் நடுகிறோம் அல்லவா, அதிலிருந்து ஹெலிகாப்டர் தளத்து மெக்கானிக்குகள் எடுத்த பெயர். நான் வாரத்தில் ஆறு நாள் துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் பார்க்கிறவள். மாதத்தில் இரண்டு ஞாயிறு சேமப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுவேன். இந்தக் கடற்கரைக்கு என்னைப் போல் பன்னிரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் கணக்கு வாத்தியார். பெரும்புயல் வருடத்தில் சில நாட்கள்தான் வரும், ஆனால் அந்த நாட்களில் நூறு விமானிகள் இருந்தாலும் போதாது. அதனால் நாங்கள் பறப்பதை வருடக்கணக்கில் பதிந்து, எதைப் பார்த்தால் நாங்கள் என்ன செய்வோம் என்பதை ஆளில்லாத ஹெலிகாப்டர்களுக்குள் வைத்தார்கள். என்னிலிருந்து எடுத்தவை முப்பத்தெட்டு.

புயல் நாளில் மூல விமானிகள் பறக்கக் கூடாது என்பது விதி. தாய்க்கொடி பத்திரமாக இருக்க வேண்டும். பதியங்கள் வெள்ளத்தின் மேல் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் ஜெனரேட்டர் வைத்து ஐஸ் அடித்துக்கொண்டிருந்தேன். ஐஸ் பார்கள் லாரியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயின. மீனுக்கு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

எல்லாம் முடிந்தபின் மூல விமானி வந்து உட்கார்ந்து ஒவ்வொரு முடிவையும் பார்க்க வேண்டும். நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மனிதர் பொறுப்பேற்காத எந்த முடிவும் பதிவேட்டில் இருக்கக் கூடாதாம்.

“இது அறுநூத்திப் பதினொண்ணு,” என்றார் விங் கமாண்டர் இத்ரீஸ். “இதோட முடிஞ்சுது.”

பரிசீலனைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். விமானப்படையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு டீ குடித்து முடிக்கலாம். அன்று அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

“வெளிய ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. காலையில இருந்து. இது அவங்க கேஸ்தான்.”

திரையில் ஒரு தொகுப்பு வீட்டின் மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் வரை தண்ணீர். இரண்டு ஆண்கள், ஒரு பெண். நீலக் கட்டம் போட்ட கைலி கட்டியவன் முன்னால் வந்தான். இடது கையால் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்திருந்தான். வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி, பக்கத்து வீட்டுப் பக்கமாக இரண்டு முறை தள்ளிக் காட்டினான். ஹெலிகாப்டர் நான்கு நொடி நின்றது. பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் ஐந்து குழந்தைகளையும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. இந்த மாடிக்குத் திரும்பவில்லை. அடியில் இரண்டு வார்த்தைகள் இருந்தன: ‘உதவி மறுத்தார்.’

“முக்கால் மணி நேரத்துல வீடு போயிடுச்சு,” என்றார் இத்ரீஸ். “அண்ணன் தம்பி ரெண்டு பேரும் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு மட்டும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மப் பிடிச்சுக்கிட்டு...”

நான் அவளைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் தடுக்கவில்லை.

அவள் பெயர் வினோதினி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“நீங்கதான் அந்த மிஷினா மேடம்?”

அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. “ஆமா,” என்றேன்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க. எங்க ஓரகத்தி சௌமியா, கொழுந்தனோட சம்சாரம், புயலப்ப அம்மா வீட்டுக்குப் போயிருந்துச்சு. தாசில்தார் ஆபீஸ்ல இதப் படிச்சுக் காட்டிட்டாங்க. ‘ஒம் புருஷன் வேணாம்னு கையாட்டி எம் புருஷனையும் சேத்துக் கொன்னுட்டான்’னு தெருவுல நின்னு கத்துது. பதினாறாம் நாளு காரியத்த தனித்தனியா வெச்சுக்கலாங்குது. ஒரே வயித்துல பொறந்தவங்க மேடம்.”

வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“பந்தியில உக்காரச் சொன்னா, அவங்க மொதல்ல உக்காரட்டும், நாங்க அப்புறம்னு கையக் காட்டுவோமில்ல? அதான் அது. பக்கத்து வீட்டுல புள்ளைங்க இருந்துச்சு. அதுவள மொதல்ல ஏத்துங்கன்னாரு. அப்பிடிக் காட்டுனவன் சோறு வேணாம்னு எந்திரிச்சுப் போயிட்டான்னு எந்த ஊர்லயாச்சும் எழுதுவாங்களா?”

“இல்ல,” என்றேன்.

“நீங்க எந்த ஊரு?”

“பெரியசல்லி.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். அவள் ஊரிலிருந்து பெரியசல்லி ஒன்பது கிலோமீட்டர்.

“அப்ப ஒங்களுக்குத் தெரியும்,” என்றாள்.

உள்ளே திரும்பி வந்தபோது இத்ரீஸ் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். படிவம் என் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

“சார், அது எத வெச்சு மறுத்தார்னு எடுத்துக்கிச்சு?”

“நானும் கேட்டுப் பாத்தேன். வழக்கமா இருபது முப்பது பறத்தலைக் காட்டும். இதுக்கு ஒரே ஒரு நாளைத்தான் காட்டுது.” தேதியைச் சொன்னார். ஐந்து வருடத்துக்கு முந்தைய வெள்ளம். அப்போது பதியத்துக்காக என் பறத்தலைப் பதிந்துகொண்டிருந்தார்கள். “அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?”

இருந்தது. வயலுக்கு நடுவில் ஒரு பம்புசெட் கொட்டகை. அதன் மேல் தனியாக ஒரு ஆள். இதே கை, இதே தள்ளல். தூரத்தில் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைக் காட்டினார். அவர்களை ஏற்றினேன். அப்புறம் வா என்றுதான் அவர் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பரிமாறி வளர்ந்தவள் நான். அந்தக் கையைப் பார்த்தால் வாளியோடு அடுத்தவருக்கு நகர்ந்துவிட்டு, மறக்காமல் திரும்பி வர வேண்டும். எரிபொருள் இருந்தது. வெளிச்சமும் இருந்தது. காலை ஐந்து மணியிலிருந்து பறந்துகொண்டிருந்தேன், அன்று எனக்குக் களைப்பு. அவ்வளவுதான். தளத்துக்கு வந்து பதிவேட்டில் ‘உதவி மறுத்தார்’ என்று எழுதினேன். மறுநாள் ஒரு படகு அவரைக் கூட்டிக்கொண்டு போயிற்று. ஒருவரும் கேட்கவில்லை. நானும் மறந்துபோனேன்.

பதியம் மறக்கவில்லை.

இதையெல்லாம் இத்ரீஸிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் ஒரு ஹெலிகாப்டரின் வாலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே பேசினார்.

“இப்ப நீங்க ‘என் முடிவு அல்ல’ன்னு போட்டா மிஷின் கோளாறுன்னு ஆயிடும். அந்த வார்த்தை தானா அழிஞ்சிடும். அந்தப் பொண்ணுக்கு நல்லது. ஆனா ஒங்க பதியம் முப்பத்தெட்டும் சோதனைக்குப் போயிடும். ஆறு மாசம். வங்கக் கடல்ல அடுத்த தாழ்வு உருவாயிருக்கு, பாத்தீங்கள்ல? அஞ்சு நாள்ல கரைக்கு வரும்.”

“‘என் முடிவு’ன்னு போட்டா?”

“மூல விமானியே ஒத்துக்கிட்டாங்க, மிஷின் சரியாத்தான் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். முப்பத்தெட்டும் பறக்கும். அந்த வார்த்தையும் அப்படியே இருக்கும்.”

“அடுத்த புயல்லயும் கையக் காட்டுனவங்களை விட்டுட்டுப் போகும்.”

“போகும்.”

“திரும்பிப் போகணும்னு அதுக்குச் சொல்லிக் குடுக்க முடியாதா?”

“சொன்னாக் கத்துக்காது நிரோஷா. ஒரு தடவை, மின்கம்பியைக் கண்டா ஒதுங்குன்னு விதி போட்டாங்க. எந்த ஊருக்குள்ளயும் நுழைய மாட்டேன்னு வெளியவே சுத்திக்கிட்டு நின்னுச்சு. அது நீங்க செய்யறதப் பாத்துதான் கத்துக்கும். அதுவும் நெஜமான இடத்துல, நெஜமான ஆள் நிக்கறப்ப. ஞாயித்துக்கிழமை பயிற்சியில பொம்மையைத் தூக்குனா அதுக்குத் தெரிஞ்சிடும்.”

நான் பேனாவை எடுத்தேன். ‘என் முடிவு’ என்பதில் டிக் போட்டேன். இத்ரீஸ் கண்ணை மூடித் திறந்தார். டிக்குக்குக் கீழே, எழுதுவதற்கு என்று இடமே இல்லாத வெள்ளை ஓரத்தில், எழுதினேன்: இவர் உதவியை மறுக்கவில்லை. குழந்தைகளை முதலில் ஏற்றச் சொன்னார், தங்களுக்காகத் திரும்பி வரச் சொன்னார். இந்தக் கையின் பொருள் எனக்குத் தெரியும். ஐந்து வருடம் முன்பு தெரிந்தே தவறாக எழுதியவள் நான். தவறு என்னுடையது, இயந்திரம் அதைக் கற்றுக்கொண்டது.

பெயரும் தேதியும் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்தார்.

“இத வெச்சு விசாரணை வரும். அப்புறம் நீங்க பறக்க மாட்டீங்க.”

“எப்ப வரும்?”

“அதுக்கு ஆள் சேக்கவே இருபது நாள் ஆகும்.”

“அப்ப அஞ்சாம் நாள் நான் பறக்கறேன் சார்.”

“மூல விமானி புயல்ல பறக்கக் கூடாது.”

“தெரியும். நான் பறந்தா அது அந்த நிமிஷமே முப்பத்தெட்டுக்கும் போகும்தானே?”

“போகும்.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆனா ஒரே ஒரு தடவை திரும்பிப் போனதைப் பாத்து அது மாறிடும்னு என்ன நிச்சயம்?”

“திரும்பாம போனதையும் ஒரே ஒரு தடவைதான பாத்துச்சு.”

அவர் காகிதத்தின் நகல் ஒன்றை எடுத்து, கீழே தானும் கையெழுத்திட்டு முத்திரை வைத்து, என்னிடம் கொடுத்தார். வெளியே போய் அதை வினோதினியிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தாள். கடைசி வரிகளை மறுபடி படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். காகிதத்தை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நீங்க திரும்பிப் போயிருக்கலாம்க்கா,” என்றாள். போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் புயலுக்கு முந்தைய நாள் வந்தது. காற்று ஏறிக்கொண்டிருந்ததால் சாமியானாவை நாலு பேர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததாம். காகிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம் சௌமியா. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பந்தல்தான் போட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காற்று கொஞ்சம் தணிந்ததும் கிளம்பினோம். விதியை மீறி இத்ரீஸ் எனக்கு வாங்கிக் கொடுத்தது தளத்தில் இருந்ததிலேயே பழைய ஹெலிகாப்டர். பின்னால் கயிறு இறக்குபவன் ஜெபராஜ், மற்ற நாட்களில் டூவீலர் மெக்கானிக்.

“அக்கா, கரை முழுக்க முப்பத்தெட்டு நிரோஷா பறக்குது. முப்பத்தொம்பதாவதும் வந்தாச்சு. எங்க ஊரு தாங்குமா?”

“கயிறப் பாத்து விடு.”

“வீட்ல அண்ணன் ஒரு நிரோஷாவுக்கே இளைச்சுப் போனாரு.”

கீழே வயல் எது, ஆறு எது என்று தெரியவில்லை. பழுப்பு நிறம் ஒன்றுதான் இருந்தது. அரைமணி நேரத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு வந்தோம். அதன் மாடியில் இரண்டு பெண்களும் ஒரு பெரியவரும் நின்றார்கள். வெள்ளைச் சட்டை, நனைந்த துண்டு. எங்களைப் பார்த்ததும் அவர் வலது கையை உயர்த்தினார். உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி, பள்ளிக்கூடம் இருந்த பக்கமாகத் தள்ளிக் காட்டினார்.

என் கை லீவரில் ஒரு கணம் நின்றது.

பள்ளிக்கூடத்தின் வராந்தாக் கூரையில் எட்டுப் பேர். எல்லோரையும் ஏற்றியதும் ஹெலிகாப்டர் நிறைந்துவிட்டது. மேட்டில் இருந்த முகாமில் அவர்களை இறக்கினேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து இத்ரீஸின் குரல் காதில் வந்தது.

“எரிபொருள் போட்டுட்டு நேரா வடக்கால போங்க. பதியங்களும் அங்கதான் திரும்புது. அங்க இன்னும் பத்து இடம் இருக்கு, தண்ணி ஏறிக்கிட்டிருக்கு.”

“ரைஸ் மில்லுல மூணு பேர் சார்.”

“மில்லு நிக்கும். கான்கிரீட்.”

இருக்கலாம். வினோதினி நின்ற மாடியும் கான்கிரீட்தான் என்று நினைத்தேன். ஹெலிகாப்டரை மில்லுப் பக்கம் திருப்பினேன். இத்ரீஸ் என்னைத் தடுக்க வேண்டும் என்று ஒரு பாதி மனதும், தடுக்கக் கூடாது என்று மறுபாதியும் காத்திருந்தன.

மூவரும் அதே இடத்தில் நின்றார்கள். பெண்களை முதலில் அனுப்பிவிட்டுப் பெரியவர் கடைசியாக ஏறினார். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

“அடுத்த பந்திக்கு எலை போட மறந்துட்டியளோன்னு பாத்தேன்!”

ஜெபராஜ் சிரித்தான். எனக்கு முன்னால் இருந்த கண்ணாடி மங்கியது போல் இருந்தது. மழைதான்.

“நிரோஷா,” என்றது இத்ரீஸின் குரல்.

“சொல்லுங்க சார்.”

“திரும்புது.”

“எது?”

“கையக் காட்டுன இடத்தையெல்லாம் எங்கெங்க விட்டுட்டு வந்துச்சோ, அங்கெல்லாம். ஒண்ணொண்ணா. பதினாலு.” நான் ஹெலிகாப்டரை முகாமுக்குத் திருப்பினேன். “வடக்கால போக வேண்டியதுல பதினாலு,” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ஆறு நாள் கழித்து மறுபடியும் அதே அறை, அதே இரண்டு கட்டங்கள். அந்தப் பதினான்கையும் அவர் தனியாக எடுத்து வைத்திருந்தார். பதினோரு இடங்களில் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நாற்பத்துமூன்று பேர். கையசைத்துவிட்டு அதே இடத்தில் நின்றிருந்தார்கள், திரும்பி வரும் என்று யாரோ உறுதி சொல்லிவிட்டுப் போனது போல. மூன்று இடங்களில் முன்பே படகு வந்து போயிருந்தது.

பதினான்காவது படிவத்தை அவர் உடனே என்னிடம் தரவில்லை.

“நெடுந்திட்டு. குப்பத்துல ஒரு படகுக் கொட்டகை. அதுக்குப் போய்க்கிட்டிருந்த பதியம் பாதி வழியில, கையக் காட்டுன இடத்துக்குத் திரும்பிடுச்சு. அடுத்தது வந்து சேர இருபத்திரண்டு நிமிஷம் ஆச்சு. கொட்டகை பதினாறாவது நிமிஷத்துல போயிடுச்சு.”

“எத்தனை பேர்?”

“ரெண்டு. லூர்து. அவரு சம்சாரம் பிரவீணா.”

திரையில் அந்த ஹெலிகாப்டர் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் மில்லுப் பக்கம் திரும்பிய அதே நிமிடத்தில் அதுவும் திரும்பியது. என் உடம்பு திரும்புகிற விதமாகவே, கொஞ்சம் இடது தோளைச் சாய்த்தாற்போல்.

“நாப்பத்திமூணு பேரு நிரோஷா,” என்றார் இத்ரீஸ். “யாரும் ஒங்களக் குத்தம் சொல்ல முடியாது.”

“அந்த வீட்டுல போய் நாப்பத்திமூணுன்னு சொல்ல முடியுமா சார்?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் ‘என் முடிவு’ என்பதில் டிக் போட்டேன். இந்தத் தடவை ஓரத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

“அவங்க வீட்டுக்கு ஆள் அனுப்பி விவரம் சொல்லணும். அது நடைமுறை.”

“நானே போறேன்.”

நெடுந்திட்டுக்குப் போனபோது முற்பகல். சீருடை போட்டுக்கொள்ளவில்லை. மணலில் பாதி புதைந்த ஒரு படகைப் பத்துப் பன்னிரண்டு பேர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். லூர்துவின் அண்ணன் சகாயம் யார் என்று வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் கயிற்றின் முன் நுனியில் இருந்தவனைக் காட்டினாள்.

அருகில் போய் என் பெயரைச் சொன்னேன். சேமப்படையிலிருந்து வருகிறேன், உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அன்று வந்திருக்க வேண்டியது ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும் என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கயிறு தோளில் அழுந்திக்கிடந்தது. பின்னால் இருந்தவர்கள் இழுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அவன் வலது கையைக் கயிற்றிலிருந்து எடுத்து உயர்த்தினான். உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி, இரண்டு முறை தள்ளினான். திரும்பிக்கொண்டு, “ம், இழுங்கடா,” என்றான்.

வெளியூர்க்காரர்கள் யாராக இருந்தாலும், போகச் சொல்கிறான் என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள். அப்படியும் இருக்கலாம்.

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். படகு ஒரு முழம் நகர்ந்தது. இன்னும் நிறைய தூரம் இருந்தது.